பதினேழாம் நம்பர் வீட்டுச் சுவர்

...வரிசைப்படிதான் சொல்லுவேன். மாவட்ட ஆபீஸ்லேர்ந்து நீங்க கொண்டாந்த நோட்டீஸ அப்புறம் படிக்கலாம், ஃபாங் அம்மா, காகிதம் எங்கயும் ஓடிப்போகாது. பின்பக்கம் போகாதீங்க, அங்க ஈரம். இப்படி வாசப்பக்கமா உக்காருங்க. தேத்தண்ணி எடுத்துக்குங்க.

மொதலாவது அநீதி, அறுபத்தாறாம் வருஷம், கலாச்சாரப் புரட்சி ஆரம்பிச்ச நேரம். டவுன்லேர்ந்து பசங்க உளியும் சுத்தியலுமா வர்றாங்க, முன்னோரக் கும்பிடற குலமண்டபத்து மரச்சிற்பத்துல இருக்கற மூஞ்சியெல்லாம் செதுக்கித் தள்ளப் போறாங்கன்னு சேதி வந்துச்சு. எனக்குப் பதினாலு வயசு. மண்ணும் வைக்கோலும் கொழைச்சு அத்தனை மூஞ்சியையும் பூசி மறைச்சு, அதுமேல செவப்பு மையில கோஷம் எழுதினது யாரு? இந்தக் கை! வந்தவங்க கோஷத்தப் பாத்துக் கைதட்டிட்டுப் போயிட்டாங்க. இன்னைக்கு மண்டபத்து வாசப் பலகையில "சிற்பங்களைக் காத்தவர்"னு யார் பேரு போட்டிருக்கு? அப்ப இருந்த ஊர் உற்பத்தி அணித்தலைவன் பேரு. அவன் அன்னைக்கு வயித்துப்போக்குன்னு படுத்துக் கெடந்தான்!

ரெண்டாவது, எழுபத்தெட்டு. அதே மண்டபத்த உரக் கிடங்கா ஆக்கினாங்க. உப்பேறிக் கல்தூணோட பாதமெல்லாம் மாவா உதிர்ந்துச்சு. மனு போட்டேன். "உரம் உயிரோட இருக்கறவங்களுக்கு, தூண் செத்தவங்களுக்கு"ன்னு பதில் வந்துச்சு. அந்தக் கடுதாசி இன்னும் வெச்சிருக்கேன்.

மூணாவது, தொண்ணூத்தொம்பது. பழஞ்சாமான் வாங்கறவன் ஒருத்தன் வந்தான். செவப்புப் பிளாஸ்டிக் வாளி ஒண்ணு குடுத்தான், பூவேலை செஞ்ச ஜன்னல் கதவு ஒண்ணு எடுத்துக்கிட்டான். இந்தத் தெருவுல மட்டும் ஏழு வீடு. வெக்கங்கெட்டவங்க, அந்தச் செவப்பு வாளியில இன்னும் தண்ணி புடிக்கறாங்க... என் வாசல்ல இருக்கற வாளி என்னான்னு பாக்கறீங்களா? அது நான் கடையில வாங்கினது. அது வேற செவப்பு.

நாலாவது, ரெண்டாயிரத்தெட்டு. இதோ நிக்கறானே, சாட்சிக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே, குவாங்பா! சூரியகாந்தி விதைத் தோல அங்க துப்பாதடா, அது மிங் ராஜா காலத்துக் கல்லு! இவன் மூணாவது மாடி கட்டினாம்மா. ஊரே வெள்ளைச் சுவரு, கருப்பு ஓடு, படிப்படியா ஏறுற குதிரைத்தலைச் சுவரு. அதுக்கு நடுவுல குளிக்கற ரூம்புல ஒட்டற டைல்ஸ வெளிச்சுவத்துல ஒட்டி, நீலக் கண்ணாடி வெச்சான். மலைமேலேர்ந்து பாத்தா ஊருக்குத் தங்கப்பல்லு கட்டினாப்புல இருந்துச்சு. விடுவேனா? பதினோரு மனு! மூணு வகுப்புதாம்மா படிச்சேன். மிச்சம் எல்லாம் துண்டுப் பிரசுரம் படிச்சு வந்த படிப்பு. ஆனா மாவட்ட ஆபீஸ்ல போயி "யூன்தாங் ஊரு செங் தெமாவ்"னு என் பேரச் சொல்லிப் பாருங்க, நாற்காலி நகர்ற சத்தம் கேக்கும். பதினோராவது மனுவுல நான் எழுதின ஒரு பத்தியை அப்படியே எடுத்து ஊர்ப் பாதுகாப்பு விதியா, ஒம்பதாவது விதியாப் போட்டாங்க. ஒரு எழுத்து மாத்தல! குவாங்பா மாடி கீழ வந்துச்சு. டைல்ஸெல்லாம் உடைஞ்சு தெருவுல விழுறப்ப நான் கைய பின்னால கட்டிக்கிட்டு நின்னு பாத்தேன். சிரிக்கல. உள்ளுக்குள்ளதான்.

அஞ்சாவது... ஆமா ஆமா, நோட்டீஸ் ஞாபகம் இருக்கு. சாட்சி முன்னால படிக்கணும், கதவுல ஒட்டணும், பத்து நாள் கெடு. எனக்கே விதி சொல்லித் தர்றீங்களா? சாட்சி ரெண்டு பேர் வேணும்ங்கறதே நான் போராடி வாங்கினது. ரெண்டாவது சாட்சி நீதானே, லான்யிங் மதினி, உள்ள வா, தோஃபு கடைய யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. அந்தப் பூஞ்சை புடிச்ச சோயாக் கட்டிய யாரு திருடுவா? கோவிச்சுக்காத, தமாசு.

அஞ்சாவது, ரெண்டாயிரத்துப் பன்னெண்டு. ஊர பாதுகாக்கப்பட்ட ஊருன்னு அறிவிச்சாச்சு. நான் பட்டாசு வெடிச்சேன். மறுவாரம் சுண்ணாம்புக்காரங்க வந்தாங்க. இருநூறு வருஷ மழை வரைஞ்ச கோலம்மா எங்க சுவரு. ரெண்டே நாள்ல எல்லாத்தையும் பளீர்னு வெள்ளை அடிச்சுட்டாங்க. "ஏண்டா?"ன்னேன். "பழமையாத் தெரியணும்"னான். எங்க பாட்டன் பூட்டன் கண்ணால பாக்காத செவப்பு விளக்க வீட்டுக்கு ரெண்டு மாட்டினாங்க. அதுக்கப்புறம் படம் வரையற காலேஜ் பசங்க. என் வாசல்ல நான் நிக்கறேன், ஒருத்தி சொல்றா, "தாத்தா, கொஞ்சம் தள்ளுங்க, உங்க சட்டை நைலான்." நான் தள்ளினேன். என் வீட்டுப் படத்துல நான் இல்ல!

ஆறாவது... இதுதாம்மா நெஞ்ச அறுக்குது. ஊர் அருங்காட்சியகம் போனீங்களா? அங்க கண்ணாடிப் பொட்டிக்குள்ள செவப்பு அரக்குப் பூசின மரத்தொட்டி ஒண்ணு வெச்சிருக்காங்க. "முற்காலத்தில் மக்கள் மலஜலம் கழிக்கப் பயன்படுத்தியது." முற்காலத்தில்! என் பொண்டாட்டி சூசின் போன மாசம் வரைக்கும் அதுலதாம்மா போனா. அவ நல்லா நடமாடினப்ப காலையில வாய்க்கால் ஓரம் அதக் கழுவறா, சுத்தி நின்னு போட்டோ புடிக்கறானுங்க. ஒருத்தன் சொல்றான், "பாட்டி, இன்னொரு தடவ கழுவுங்க, வெளிச்சம் சரியா விழல."

ரெண்டு வருஷம் முன்னாடி பனி உறைஞ்ச காலையில அந்தத் தொட்டிய தூக்கிட்டுப் போயி கல்லுல வழுக்கி விழுந்தா. இடுப்பு எலும்பு. இப்ப குந்த முடியாது, குனிய முடியாது, அந்தத் தொட்டியில உக்காரவும் நான் தாங்கிப் புடிக்கணும். உக்கார்ற மாதிரி ஒரு கக்கூஸ், வீட்டுக்குள்ள, அவ்வளவுதான் கேட்டேன். விண்ணப்பம் போட்டேன். நாலு. "மையப் பகுதியில் சுவரைத் துளைக்க அனுமதியில்லை, ஒன்பதாவது விதி." நகரத்துல பொண்ணு வீட்டுக்குப் போயிடலாம்னு அவ சொன்னா. நான்தான், இந்த ஊருக்காக அம்பது வருஷம் சண்டை போட்டுட்டு இன்னொருத்தன் ஊருல எப்படி சாகறதுன்னு...

என்ன சத்தமா? ஒண்ணுமில்ல. மழைத் தண்ணி. முத்தத்துல நாலு பக்கத்துக் கூரைத் தண்ணியும் உள்ள வந்து விழும்மா, செல்வம் வெளிய போகக்கூடாதுன்னு அப்படித்தான் கட்டியிருக்கு. ...ஆமா, வெயில்தான் அடிக்குது. நேத்து மழை. கூரையில தங்கியிருக்கும். குவாங்பா, என்னடா இளிப்பு?

சரி. சரிம்மா. அது கக்கூஸ்தான்! மறைக்கறதுக்கு நான் என்ன திருடனா? சூசின் உள்ள இருக்கா, அவ முடிச்சுட்டு வர்ற வரைக்கும்தான் உங்கள இங்க உக்கார வெச்சேன். ஒடச்சது இந்தக் கைதான். சோத்துக் கிண்ணம் அளவு ஓட்டை, ஒரு குழாய், அவ்வளவுதான். வெளிய பழைய ஓடு வெச்சு மூடியிருக்கேன், கீழ முறையாத் தொட்டி கட்டியிருக்கேன். எப்படி சத்தமில்லாம ஒடச்சேன்னு கேளுங்க. இந்தக் குவாங்பா பேரன் கல்யாணத்தன்னைக்கு வெடி வெடிச்சாங்கள்ல? படபடன்னு வெடிக்கறப்ப நான் சுத்தியலால ஒண்ணு போடுவேன். வெடி நின்னா நானும் நின்னுடுவேன். கல்யாணத்துக்குப் போகலைன்னு இவனுக்கு வருத்தம். போயிருந்தா பன்னிக்கறியாவது கெடச்சிருக்கும். ஆனா எல்லாம் கட்டி முடிச்ச அன்னைக்கு சூசின் கக்கூஸ் கதவ தாழ்ப்பாள் போட்டா பாருங்க... அம்பது வருஷத்துல மொதல் தடவையா அவ உள்ள பாட்டு பாடினா.

அப்ப புகார் குடுத்தது யாரு? அதச் சொல்லுங்க! பேர் இருக்கணும். பேரில்லாத புகார் செல்லாது, அதுவும் என் விதி. நான் வாழ்நாள்ல மொட்டைக் கடுதாசி எழுதினதில்ல. தெரு, வீட்டு நம்பர், பேரு மூணும் இருக்கும், கட்டை விரல் அச்சும் இருக்கும். குவாங்பா, நீதானே? மாடி போன கோவம். நீ இல்லையா? மதினி, நீ ஏன் தலைய ஆட்டற? உன்ன யாரு கேட்டா?

எவனா வேணா இருக்கட்டும். ரெண்டு சாட்சி இருக்கீங்க, கேட்டுக்குங்க. இந்த நோட்டீஸ நான் கிழிக்க மாட்டேன், சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் நான். ஆனா ஒரு நிபந்தனை. புகார் குடுத்தவன் இந்த வீட்டுக்குள்ள வரணும். சூசின் முன்னால நிக்கணும். "அம்மா, எழுந்திரிங்க, நாளையிலேர்ந்து மறுபடி மரத்தொட்டிதான்"னு அவன் வாயால சொல்லணும். அவ கண்ணப் பாத்து! அத சொல்லாம அந்தக் குழாய்ல ஒருத்தன் கை வைக்கக் கூடாது. சம்மதமா? ஃபாங் அம்மா, எழுதிக்குங்க. சாட்சிங்க, நீங்களும் கேட்டுக்குங்க.

இப்ப படிங்க. ஏன் தயங்கறீங்க? பயப்படாதீங்க, அடிக்க மாட்டேன். சரி, இங்க குடுங்க, நானே படிக்கறேன். என் கண்ணாடி... நெத்தியிலயே இருக்கு.

"ஆதாரம்: பதினோராவது மனு, ஒன்பதாவது விதி. எவர் வீட்டுச் சுவர் எக்காலத்தில் உயர்த்தப்பட்டாலும் துளைக்கப்பட்டாலும், உறவு, நட்பு, முதுமை, நோய் எதையும் பாராமல், தனியே புகாருக்குக் காத்திராமல், இம்மனுவையே என் புகாராக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்..."

நல்லா எழுதியிருக்கான். "முதுமை, நோய்"னு ரெண்டையும் விடாம...

இல்ல, புடுங்காதீங்கம்மா. சத்தமா படிக்கணும்னு கேட்டது நான்தானே. குவாங்பா, அந்த விதைய கீழ வை. நேரா நில்லு. சூசின், நீ அங்கயே இரு, வெளிய வராத. நான் வர்றேன்.

புகார் அளித்தவர். யூன்தாங் கிராமம். கீழ வாய்க்கால் தெரு. பதினேழாம் நம்பர் வீடு.

செங் தெமாவ்.