தண்ணி தெளிச்சியா?

— ...அதெல்லாம் அப்புறம் பேசலாம். தண்ணி தெளிச்சியா?

— தெளிச்சேன், தமிழு. ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் மொத வேல அதான்.

— மேல போத்துன கோணி நல்லா நனஞ்சுதா?

— சொட்டுது. போன் பண்ணா கட்னவன் சாப்ட்டானான்னு கேக்க மாட்ட. மண்ணுத் தலைக்குத் தாகம் எடுக்குதான்னுதான் கேப்ப.

— அதுவும் உன் தலதானய்யா, பூவரசா. நான் பண்ண செலயிலயே அதான் உருப்படி... பாதியில நிக்குது.

— கண்ணு தொறக்காம விட்டுட்டுப் போய்ட்ட. மூணு வருஷமா குருடனா ஒக்காந்துனு இருக்கேன்.

— வந்து தொறக்குறேன்னு சொன்னேன்ல.

— சொன்ன... சொன்ன. சரி, பரோடாவுல இன்னிக்கு இன்னா வேல?

— யானைக்கு நகம்.

— நேத்தும் அதான?

— நேத்து முன்னங்காலு. இன்னிக்குப் பின்னங்காலு. கம்பி கட்றது நானு, மண்ணு அப்பறது நானு. கீழ பேரு மட்டும் மாஸ்டருது. செல செய்றவளா ஆவணும்னா இப்டித்தான் கெடக்கணும். கை காப்புக் காச்சிப் போச்சு.

— விட்டுட்டு வந்துடேன்... சும்மா சொன்னேன். கோவமா?

— இல்ல... ஒண்ணு சொல்லணும். லீவு நாள்ல தனியா ஒரு கல்லு செதுக்குனேன்ல, அத பாத்துட்டு இத்தாலியில ஒரு பட்டறையில எடம் குடுக்கறாங்க. ரெண்டு வருஷம். சொந்தச் செல, சொந்தப் பேரு. நாளைக்குப் பதில் சொல்லணும்.

— இத்தாலியா! நான் வெட்ற தோலு ஷூவா போற ஊராச்சே. தோலுக்குப் பின்னாலயே நீயும் போறியா?

— வெளயாடாத. நான் இன்னா சொல்லட்டும்?

— உனக்கு இன்னா தோணுது?

— வீடியோவுல வா. அந்தத் தலைய ஒரு வாட்டி காட்டு. பாத்துட்டு முடிவு பண்றேன்.

— கரண்ட் இல்ல.

— ஃபேன் சத்தம் கேக்குது.

— ...தமிழு. அது இல்ல.

— எது?

— தல. நீ போன மொத சித்திரையிலயே வெடிச்சுப் போச்சு. எக்ஸ்போர்ட் அவசரம்னு ரெண்டு நாளு ஃபேக்டரியிலயே தங்கிட்டேன். வந்து பாத்தா மூக்கு கீழ கெடக்குது. ஷூ ஒட்ற சொல்யூஷன எடுத்தாந்து ஒட்டிப் பாத்தேன்...

— மண்ணுக்கு சொல்யூஷனா!

— சிரிக்காத. மூக்கோட கன்னமும் பேந்துனு வந்துடுச்சு.

— அப்ப தினம் தெளிச்சேன், தெளிச்சேன்னு...

— நீ பாதியில விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னு தெரிஞ்சா, இங்க எதுக்கு வருவ? பயந்துட்டேன். இப்ப சொல்லிட்டேன். முடிக்கிறதுக்கு இங்க ஒண்ணும் இல்ல. நீ போ, தமிழு.

— யோவ்... ஆம்பூர் வெயில்ல ஒரு ஈரக் கோணிய நம்பி மண்ணு நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? அப்பவே தெரியும். வேற எதக் கேட்டாலும் நீ 'எப்ப வர்ற'ன்னு கேட்டுடுவ... அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. உன் கொரலும் கேக்கணும்... அதான் தினம் தண்ணியப் பத்தியே கேட்டேன். நான் இத்தாலிக்குப் போறேன்யா. நாளைக்கும் போன் பண்ணிக் கேப்பேன்... தெளிச்சேன்னு சொல்லு.