கெண்டாரிக்கு நேர்வழி

— ஆக்சிஜன் மாஸ்க்கக் கழட்டாத ரோனா. இன்னொரு தரம் கழட்டினா கையைக் கட்டிப் போட்டுருவேன்.

— தண்ணி வேணும், மர்ஹாமா அக்கா. நாக்கு ஒட்டிக்குது.

— லஹாசி, அந்தப் பாட்டில இப்படி உருட்டி விடு. தலையத் தூக்காத கண்ணு, படுத்த மாதிரியே குடி. மெதுவா... போதும். மாட்டு.

— அண்ணி, முனைக்கு வெளிய அலை வெள்ளையா உடையுது. நான் தீவ ஒட்டி, உள்பக்கமாச் சுத்திப் போயிடறேன்.

— சுத்தினா எப்போ கெண்டாரி சேருவோம்?

— அந்திக்குச் சேர வேண்டியது இருட்டினப்புறம் சேருவோம், அவ்வளவுதானே. பொண்ணு வாயில ஆக்சிஜன் இருக்கு, அப்புறம் என்ன? எதுக்கு அவளப் போட்டு இந்த அலையில குலுக்கணும்?

— நேராப் போ.

— உங்களுக்குத் தெரியாததா அண்ணி, போன மழைக்காலத்துல இதே முனையிலதான்...

— நேராப் போன்னா நேராப் போ லஹாசி. ஆஸ்பத்திரியில காத்தழுத்தம் குடுக்கற அந்த இரும்பு அறையத் தயார் பண்ணச் சொல்லிட்டேன். இவளக் கொண்டுபோய் அதுக்குள்ள படுக்க வைக்கிற வரைக்கும் என்கிட்ட எதுவும் கேக்காத.

— போறேன், போறேன். படகு ரெண்டாப் பொளந்தா எங்கண்ணன்கிட்ட நீங்களே பதில் சொல்லிக்குங்க. எனக்கென்ன வந்துச்சு.

— ரோனா, கால்ல கிள்றேன். தெரியுதா?

— எந்தக் கால்ல?

— ரெண்டுலயும்.

— பொய். நீங்க இன்னும் கிள்ளவே இல்ல.

— இந்தா, இப்போ?

— கிள்ளிட்டீங்களா?

— மாஸ்க்க இறுக்கிப் பிடி. இழுத்து மூச்சு விடு.

— ஏ பொண்ணு, பயப்படாதே. கடல் கொஞ்சம் கோவமா இருக்கு, எங்கண்ணி மாதிரி. நீ எங்க பாஷை பேசற அழகுக்காகவே அது உன்ன விட்டுரும். வந்த புதுசுல எங்கண்ணன் மகன் ஜுப்ரி ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்தான், ‘சாப்பாடு ருசி’ன்னு அர்த்தம்னு. நீ அதை இமாம் வீட்டு விருந்துல எழுந்து நின்னு சொன்னே.

— எனக்கு அர்த்தம் தெரியாது.

— இமாமுக்குத் தெரியுமே! மனுஷன் வாயில போட்ட மரவள்ளிக் கசுவாமி மூக்கு வழியா வந்துருச்சு.

— அவளச் சிரிக்க வைக்காத லஹாசி. முன்னாடி பாத்து ஓட்டு.

— அக்கா, தப்பு என்னோடது. நீங்க பன்னெண்டு மீட்டருக்குக் கீழ போகாதன்னு சொன்னீங்க. பாறையில கிழிஞ்ச வலை சுத்திக் கிடந்துச்சு, அதுல ஒரு ஆமை. நான் கீழ போய்ட்டே இருந்தேன். காத்து தீந்தது அப்புறந்தான் தெரிஞ்சுது. ஒரே மூச்சா மேல வந்துட்டேன்.

— ஒரே மூச்சா மேல வந்தா ரத்தத்துல குமிழி கட்டும்னு முதல் நாளே சொல்லிக் குடுத்தேனே, கண்ணு.

— சொன்னீங்க. பரீட்சையில நான்தான் முதல்.

— ஆமை தப்பிச்சுதா?

— இல்ல லஹாசி மாமா. நான் போறப்பவே செத்துருந்துச்சு. செத்துருச்சுன்னு தெரிஞ்சுதான் வலைய அறுத்தேன். அதை அப்படியே விட்டுட்டு வர மனசு வரல.

— செத்த ஆமைக்காகவா! அடக் கடவுளே. கடலக் காப்பாத்தறேன்னு எங்கிருந்தோ வந்து, பள்ளிக்கூடம் முடிச்ச கையோட...

— லஹாசி!

— சரி, நான் பேசல.

— அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? சனிக்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் ஏன் எங்கள இறங்க விடல? கடல் கண்ணாடி மாதிரி இருந்துச்சே.

— அடியில நீரோட்டம்.

— நீரோட்டமா? அந்த ரெண்டு நாளும் நான் அங்கதான் தூண்டில் போட்டேன் அண்ணி. கல்லக் கட்டி விட்டா விட்ட இடத்துலயே நின்னுச்சு.

— உன்ன எவன் கேட்டான்?

— கேம்ப்ல எங்ககூட இருக்கற டோபியாஸ் சொன்னான், மகன் படுத்துட்டான்ல, அதான் அக்காவுக்கு மனசு சரியில்ல, சும்மா சாக்கு சொல்றாங்கன்னு. எல்லாரும் சேர்ந்து கேம்ப நடத்தற ஆபீசுக்குப் போன் போட்டாங்க. நான் வேணாம்னேன். கேக்கல.

— தெரியும். ஆபீஸ்லேர்ந்து என்னக் கூப்பிட்டாங்க. பிள்ளைங்களக் கரையில உக்கார வச்சுட்டு என்ன பண்றேன்னு கேட்டாங்க. அதுக்கப்புறந்தான் இன்னிக்கு விட்டேன். பன்னெண்டு மீட்டர்னு அதுக்குத்தான் சொன்னேன். அதுக்கு மேல என்ன சொல்றது?

— ஜுப்ரி இப்போ எப்படி இருக்கான் மாமா? காலையில பார்க்காம வந்துட்டேன்.

— அவனா? வீட்டு முன்னாடி மரப்பாலத்துல நடக்கறான்! கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான். ஆனா நடக்கறான். கம்ப்ரசர் குழாய வாயில கடிச்சிட்டு கடல் அட்டை பொறுக்க ஆழத்துக்குப் போனவங்கள்ல எங்க ஊர்ல எத்தனை பேர் இடுப்புக்குக் கீழ செத்துக் கிடக்கறாங்க. இவன் எழுந்துட்டான். எல்லாம் கடல்ல இருக்கற அவன் அண்ணன் வேலை.

— அண்ணனா?

— அவன் பொறந்தப்போ நஞ்சுக்கொடியச் சிரட்டையில வச்சுக் கடல்ல விட்டோம்ல. எங்கண்ணன் கையில சிரட்டை, நான் துடுப்பு. எங்க பஜோ கடல் ஜனத்துல ஒவ்வொருத்தனுக்கும் கூடப்பொறந்தவன் ஒருத்தன் தண்ணிக்குள்ள இருக்கான். ஜுப்ரி விழுந்த அன்னிக்கு மஞ்சச் சோறு, வெத்தலை, வாழைப்பழம், எல்லாம் நானே கொண்டுபோய் விட்டேன். மறுநாளே விரல் ஆடுச்சே! இல்லையா அண்ணி?

— ஆடுச்சு.

— எனக்குக் கடல்ல யாரும் இல்ல மாமா. என்னோடத ஆஸ்பத்திரியில எரிச்சிருப்பாங்க.

— அதனால என்ன பொண்ணு? ஜுப்ரியோட ஆளு உன்னையும் பாத்துக்குவான். நீ அந்த வீட்டுச் சோறு தின்னவ.

— சிலிண்டர் மீட்டர்ல முள் எங்க நிக்குது அக்கா?

— பாதிக்கு மேல இருக்கு. அதப் பத்தி நீ கவலப்படாத.

— ரொம்ப நேரமா இழுக்கறேன். சரியாகிட்டே வரணுமே? இப்போ வயிறு வரைக்கும் மரத்துப் போச்சு.

— லஹாசி, இன்னும் வேகமா விடு!

— இதுக்கு மேல விட்டா இன்ஜின் புகைஞ்சிரும் அண்ணி! நீங்க ஏன் இப்படிப் பதர்றீங்க? பெத்த மகன் துடிச்சப்போ கூட நீங்க இப்படிப் பதறலியே.

— வாய மூடு.

— மூட மாட்டேன். நாலு நாளா மூடிட்டுத்தான் இருக்கேன். அவனத் தோள்ல தூக்கிட்டு உங்க கேம்ப் வாசலுக்கு வந்தது நான். இந்தா, இதே சிலிண்டர் அங்க நின்னுச்சு. கையெடுத்துக் கும்பிட்டேன். “அது பிள்ளைங்களுக்கு வச்சது”ன்னு சொன்னீங்க. இவன் மட்டும் யாரு, நாய்க்குட்டியா? கல்நெஞ்சு அண்ணி உங்களுக்கு.

— கேம்ப்ல இருக்கறது ஒரே சிலிண்டர். தண்ணிக்குள்ள அத்தனை பிள்ளைங்க. எந்தத் தாய் பெத்ததோ, என்ன நம்பி அனுப்பியிருக்கா. அது இல்லாம ஒரு பிள்ளையும் இறங்கக் கூடாதுன்னு கையடிச்சுக் குடுத்துட்டு வேலைக்குச் சேர்ந்தேன். என் மகனுக்கு எடுத்துக் குடுத்தா அடுத்த பிள்ளைக்கு யாரு பதில் சொல்றது?

— நல்லா இருக்கு உங்க நியாயம்.

— சண்டை போடாதீங்க. மாமா, சண்டை போடாதீங்க. அக்கா, மாஸ்க்க ஒரு நிமிஷம் கழட்டிக்கறேன். சொல்லியே ஆகணும்.

— கரைக்குப் போய்ச் சொல்லிக்கலாம்.

— கரைக்குப் போறப்போ என்னால பேச முடியுமோ என்னமோ. ஜுப்ரிய அவன் கடலண்ணன் எழுப்பல மாமா. நான்தான் குடுத்தேன்.

— என்ன குடுத்தே?

— ஆக்சிஜன். வெள்ளிக்கிழமை ஆம்பளைங்க எல்லாம் மசூதிக்குப் போயிட்டாங்க, கேம்ப்ல யாரும் இல்ல. சிலிண்டர மீன் கூடையில போட்டு, மேல சாக்கு போத்தி, சின்னத் தோணியில கொண்டுபோனேன். ஜுப்ரி மூக்குல வச்சுப் பிடிச்சேன். அது தீர்ற வரைக்கும் பிடிச்சேன். அவன் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணான்.

— அடி பொண்ணே... என் தங்கமே... நீயா?

— காலிச் சிலிண்டர இருந்த இடத்துலயே வச்சுட்டேன். உங்ககிட்ட வந்து சொல்லணும்னுதான் இருந்தேன் அக்கா. ஆனா சொன்னா, மகனுக்காக நீங்களே திருடினீங்கன்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க. ராத்திரி பூரா தூக்கம் இல்ல. காலையில ஓடி வந்து பார்த்தா முள் முழுசா நிக்குது! நான் அங்கயே உக்காந்து அழுதுட்டேன். ஸ்டோர்ல இன்னொண்ணு இருந்திருக்கு, அக்கா எதுவும் கேக்காம மாத்தி வச்சுட்டாங்கன்னு புரிஞ்சுது. அது மட்டும் முழுசா நிக்கலன்னா நான் ஊரக் கூட்டிச் சொல்லியிருப்பேன். ஒருத்தரையும் இறங்க விட்டிருக்க மாட்டேன்.

— ஸ்டோர்ல ஏது இன்னொண்ணு? சரக்குப் படகு காத்துக்குப் பயந்து இந்த வாரம் வரவே இல்லையே. அண்ணி? என்ன அண்ணி, இந்தப் பக்கம் பாருங்க.

— நீ முன்னாடி பாரு லஹாசி. அலை வருது.

— நீங்க பதில் சொல்லுங்க.

— வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்கு வந்தேன் ரோனா. பலகை இடுக்கு வழியாப் பார்த்தேன். அவன் தலை உன் மடியில இருந்துச்சு. அவன் நெஞ்சு ஏறி இறங்குச்சு. உள்ள வந்து உன் கையிலேர்ந்து பிடுங்கியிருக்கணும். பிடுங்கத்தான் கதவுல கை வச்சேன். வச்ச கைய எடுத்துட்டுச் சத்தம் காட்டாமத் திரும்பிப் போயிட்டேன்.

— அப்போ உங்களுக்குத் தெரியுமா அக்கா? என் மேல கோவம் இல்லையா?

— உன் மேல எனக்கு என்ன கோவம்டி? என் பிள்ளைக்கு நான் செய்யாதத நீ செஞ்சே.

— அப்புறம் ஏன் அழறீங்க? முள்ளு பாதியில இருக்குன்னு நீங்களே சொன்னீங்களே. கரைக்குப் போற வரைக்கும் வரும்ல?

— அன்னிக்குச் சாயங்காலம் அந்த முள் அடியில கிடந்துச்சு. விடிஞ்சா அந்த முள்ளப் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பணும். புதுசு வர்ற வரைக்கும் ரெண்டு மூணு நாள் உங்கள எப்படியாவது கரையில வச்சுக்கலாம்னு நெனச்சேன். உங்க முதுகுச் சிலிண்டருக்கெல்லாம் காத்து அடிக்கற கம்ப்ரசர்ல மாட்டி, அதை நான்தான் ரொப்பினேன் கண்ணு. இவ்வளவு நேரமா நீ இழுக்கறது ஆக்சிஜன் இல்ல, வெறுங் காத்து.