வடிவு பங்கு வைத்த மாத்திரை

...நூற்றுக்கு எத்தனை, ஆயிரத்துக்கு எத்தனை என்று நான் ஆரம்பித்தால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். அதற்கு முன்னால் சிறியதாக ஒரு கதை சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் பல்கலைக்கழகத்தில் எண்களை வரிசைப்படுத்தியவன் நான். கதையையும் அப்படித்தான் சொல்ல வரும். தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர்களை மாற்றிச் சொல்கிறேன்... அது முறை.

தென்காசிப் பக்கம் ஒரு வீடு. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட இரண்டு பெண்கள். மூத்தவள் வடிவு, இளையவள் தங்கக்கனி. இரண்டு பேரும் பீடி சுற்றுகிறவர்கள். இரண்டு பேருக்கும் ஒற்றைத் தலைவலி. வலி வந்தால் வெளிச்சம் ஆகாது. ஜன்னலில் ஒரு நீலச் சேலையைக் கட்டிவிடுவார்கள். மத்தியான வெயிலில் அந்த அறைக்குள் நுழைந்தால்... குளத்துக்கு அடியில் இறங்கின மாதிரி இருக்கும். நீலச் சுவர். நீலத் தரை. நெற்றியில் ஈரத்துணியோடு இரண்டு பெண்கள், மிதப்பதுபோலப் படுத்திருப்பார்கள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். எது வந்தாலும் சரிபாதி. மீன் வந்தால் தலையைக்கூட நடுவில் வகிர்ந்து வைப்பாள் வடிவு. "அவ பங்கு வச்சா தராசுக்கு வேலையில்ல" என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

இப்படியிருக்க, பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒற்றைத் தலைவலிக்கு, தினமும் போட வேண்டிய புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். சேர்ந்தவர்கள் முந்நூறு பேர். பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாவு மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்றுதான். யாருக்கு எது? கோயிலில் திருவுளச்சீட்டு எடுப்போமே... அந்த மாதிரி கம்ப்யூட்டர் எடுக்கும். கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. எழுதுகிற எனக்கும் தெரியாது.

எதற்கு இந்தக் கண்கட்டு? மருந்து என்று நம்பினாலே சிலருக்குப் பாதி வலி போய்விடுகிறதே. போக்கியது மருந்தா, நம்பிக்கையா? பிரித்துப் பார்க்க வேண்டாமா? இதையெல்லாம் தமிழில் படித்துக் காட்டி, சம்மதம் கேட்டுத்தான் சேர்த்தோம்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு பாட்டிலோடு வீட்டுக்குப் போனார்கள். வடிவு என்ன செய்தாள்? இரண்டு பாட்டிலையும் ஒரே டப்பாவில் கொட்டினாள். குலுக்கினாள். எண்ணினாள். சரிபாதி.

"ஒருத்திக்கு மருந்தும் ஒருத்திக்கு மாவும்னா என்னளா நியாயம்? நல்லதோ கெட்டதோ, ஆளுக்குப் பாதி."

அன்புதான். அன்பு இல்லை என்று யார் சொல்ல முடியும்?

மாதாமாதம் மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்ப்போம். ஒன்றுகூடப் பிசகாது. நானும் சந்தோஷமாக டிக் போட்டேன்... என் சாமர்த்தியம் அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் வலி குறைந்தது. கனி அந்த நீலச் சேலையை அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

மூன்றாவது மாதம். மருத்துவமனை வராந்தாவில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை, இருபது வயது இருக்கும். தலையில் துண்டு போட்டுக் கண்ணை மறைத்துக்கொண்டு அப்பா தோளில் சாய்ந்திருக்கிறாள். இவர்கள் கையில் பாட்டிலைப் பார்த்துவிட்டு, மெல்லக் கேட்கிறாள்.

"யக்கா... இந்த மாத்திரைக்கு வலி கேக்குதா?"

வடிவு கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். எதைச் சொல்வாள்? அவள் சாப்பிட்டது எது? கனி சாப்பிட்டது எது?

அவள் முகத்தைப் பார்த்துக் கனிக்குப் புரிந்துவிட்டது. காதோடு கெஞ்சினாள். சொன்னால் நிறுத்திவிடுவார்கள், மறுபடியும் அந்த நீல அறைக்குள் போய்க் கிடக்க முடியாது என்றாள். வடிவு கேட்கவில்லை. உள்ளே வந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. முதலில் இருவரையும் சோதித்து, உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று பார்த்தார். நடந்ததை நடந்தபடியே எழுதச் சொன்னார். எழுதினேன். தொடர்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம், விட்டாலும் வழக்கமான வைத்தியம் உண்டு என்றார். இரண்டு பேரும் தொடர்ந்தார்கள். இந்த முறை பாட்டில்கள் தனித்தனி அலமாரியில்.

ஒரு மாதம் ஆகவில்லை... நீலச் சேலை மறுபடியும் ஜன்னலுக்கு ஏறிவிட்டது. கனிக்கு மட்டும். வடிவு நன்றாகத்தான் இருந்தாள். அவளுக்குப் பொறுக்குமா? தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு அந்த நீலத்துக்குள் போனாள்.

"ஏளா, வாயத் தொற. நீ வெறும் மாவத் தின்னுக்கிட்டுக் கெடக்க."

கனி கண்ணைத் திறக்கவில்லை. கனவில் பேசுகிற மாதிரிச் சொன்னாள்.

"வேண்டாம்க்கா. அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லணும்லா."

டாக்டர் அனுமதித்திருந்த சாதாரண வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். வலி வந்த நாளைக் குறிக்க நாங்கள் கொடுத்திருந்த நோட்டைத் தடவித் தடவி எடுத்து, அன்றைக்கு வலி என்று ஒரு வட்டம் போட்டாள்.

ஒரு வருஷம் கழித்து, யாருக்கு எது என்ற ரகசியத்தைப் பிரித்தோம். கனிக்கு வந்திருந்தது என்ன தெரியுமா? மருந்து. வடிவு சாப்பிட்டது... வெறும் மாவு.

கேட்டதும் கனி சிரித்தாளாம். "எனக்கு மாவ ஊட்டப் பாத்தியேக்கா."

அப்படியானால் அந்த மருந்து பொய்யா? பொய் இல்லை. மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேருக்கு வலி குறைந்திருந்தது. மாவு சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு. கனி அந்த ஐம்பத்தைந்தில் இல்லை, அவ்வளவுதான். முதலில் அவளுக்குக் குறைந்தது நம்பிக்கையாலோ, வலி தானாக ஓய்ந்ததாலோ... சொல்ல முடியாது. அவளுக்கு டாக்டரம்மா வேறு வைத்தியம் தொடங்கினார். வடிவை மட்டும் கேட்டிருந்தால் மாவைப் புகழ்ந்திருப்போம். கனியை மட்டும் கேட்டிருந்தால் மருந்தைத் தள்ளியிருப்போம். முந்நூறு பேரைக் கேட்டதால் தப்பித்தோம்.

ஐயா, அம்மா... நாளைக்கு உங்களிடமும் இப்படி ஒரு சோதனைக்குச் சம்மதப் படிவம் வரும். சேரலாம். சேராமலும் இருக்கலாம். பாதியில் விலகலாம். யாரும் கோபிக்கக் கூடாது, கோபிக்கவும் மாட்டார்கள். சேர்ந்தால் மட்டும் பாட்டிலைப் பங்கு வைக்காதீர்கள். தப்பு நடந்துவிட்டதா? வடிவைப் போலச் சொல்லிவிடுங்கள். வலி குறையவில்லையா? கனியைப் போல, குறையவில்லை என்றே வட்டம் போடுங்கள். டாக்டர் மனம் கோணுமே என்று பார்க்காதீர்கள்.

ஏனென்றால் வராந்தாவில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள்... தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. அவள் என்னைக் கேட்கவில்லை. எனக்கு எண்தான் தெரியும். அவள் உங்களைத்தான் கேட்கிறாள்...

"யக்கா, கேக்குதா?"