தூங்குகிற லிஃப்ட்

விற்றவனே இனிமேல் கவனிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்ட சாஃப்ட்வேரை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனி ஓட்ட முடியாது, மேடம். மார்ச்சோடு சப்போர்ட் முடிகிறது என்று ஒரு வருடமாக மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் எம்.டி. இழுத்தடித்தார். நான்தான் நெருக்கினேன். மாற்றியது சரி. அதில் இப்போதும் எனக்குச் சந்தேகமில்லை.

ஈஜிபுராவில் ஒருவர் செத்ததற்காக வீணாவை நேற்றிலிருந்து ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவள் புதிய சாஃப்ட்வேர் விற்ற கம்பெனியின் ஆள். அவள் மேல் தவறில்லை. நான் சொல்லி முடித்ததும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

லிஃப்ட் பொருத்துவதும் பராமரிப்பதும் எங்கள் வேலை. எந்தக் கட்டடத்துக்கு என்றைக்கு யார் போக வேண்டும் என்பதை அந்த சாஃப்ட்வேர் சொல்லும். காலையில் டெக்னீஷியன்கள் போனைத் திறப்பார்கள். முதலில் இருப்பது முதல் வேலை. யாரும் யாரையும் கேட்பதில்லை.

சில லிஃப்டுகளில் ஏறக்கூடாது. பிரேக் போயிருக்கும். மாற்றச் சொன்னால் வீட்டுக்காரர் அடுத்த மாதம் என்பார். நாங்கள் மாட்டிவிட்டு வரும் எச்சரிக்கைப் பலகையைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே எறிந்துவிட்டு லிஃப்டை ஓட விடுவார். இப்படிப்பட்டதைக் குறிக்கப் பழைய சாஃப்ட்வேரில் ஓர் இடம் இருந்தது. பல திரைகளைத் தாண்டிப் போக வேண்டும். யாரும் போகவில்லை. எங்கள் சூப்பர்வைசர் ஓஸ்வால்ட் வேறு வழி கண்டுபிடித்தார். கட்டடத்தின் பெயருக்கு முன்னால் இரண்டு இசட் அடித்துவிடுவார். பெயர்கள் எழுத்து வரிசையில் வரும் என்பதால் அந்த லிஃப்ட் அடியில் போய்க் கிடக்கும். எங்கள் ஆட்கள் அதைத் தூங்குகிற லிஃப்ட் என்பார்கள்.

“இசட் போட்டா தூங்குது குரு. எழுப்புனா கடிச்சிடும்” என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் டெக்னீஷியன் மஞ்சுநாத் சொல்வான். அவனுக்கு எல்லாருமே குருதான்.

எந்த விதிமுறையிலும் இது எழுதப்பட்டிருக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஓஸ்வால்ட் சூப்பர்வைசர் என்றாலும் லிஃப்ட் வேலைக்கு அவரும் போவார். லிங்கராஜபுரத்தில் எனக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. ஒரே சர்ச். என் கல்யாணத்தில் எழுந்து நின்று வாழ்த்துச் சொன்னவர். நல்ல மனிதர். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் அதையே சொல்கிறேன்.

என் மனைவி அல்போன்சா போன மழைக்காலத்தில் டெங்குவில் போனாள். கடைசி நேரத்தில் நான் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் மருந்துக்கு நின்றுகொண்டிருந்தேன். மேலே அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஓஸ்வால்ட். நான் மருந்தோடு ஏறி வந்தபோது அவர் வராந்தாவில் உட்கார்ந்து சத்தமாக அழுதுகொண்டிருந்தார். நர்ஸுகள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அவரைக் கணவன் என்று நினைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். சாப்பாடு கொண்டுவருவார். பெரும்பாலும் பன்றிக்கறி. மூடியைத் திறந்தால் உள்பக்கம் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருக்கும். எனக்கு வைத்துவிட்டுத் தானும் சாப்பிடுவார். அல்போன்சாவின் நாற்காலியில் உட்கார்ந்து, அவளைப் பற்றிப் பேசிக்கொண்டே, அழுதுகொண்டே சாப்பிடுவார். ஒருநாள் அவர் மூக்கிலிருந்து ஒரு சொட்டு குழம்பில் விழுந்தது. நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. அதையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டார். பிறகு கையைச் சரியாகத் துடைக்காமல் என் தோளில் வைத்தார். சட்டை வழியாக ஈரம் தெரிந்தது.

“டேய் எரிக், அழுதுட்றா கண்ணு. உள்ளயே வெச்சிக்காத. கல்லு மாரி ஆயிடுவ.”

“சரி அங்கிள்.”

“சரின்னு சொல்லாத. அழு.”

அவர் போன பிறகு நான் பாத்திரங்களைக் கழுவுவேன். பிறகு நாற்காலியைக் கழுவுவேன். மர நாற்காலி. கழுவிக் கழுவி அதன் ஒரு கால் உப்பிப்போனது.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அவள் கடைசியாகச் சொன்னதை மட்டும் பொறுக்க முடியவில்லை. அடக்கத்தன்று, “எரிக் எங்கேன்னு கேட்டாடா” என்றார். பிறகொரு நாள், “எரிக்கை பாத்துக்கோங்க அங்கிள்னு சொன்னா” என்றார். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆபீஸில் எல்லாரையும் நிற்க வைத்துக்கொண்டு, ஏசுவே என்று சொல்லிக் கண்ணை மூடினாள் என்றார். அன்று சாயங்காலம் அவரைக் கேட்டேன்.

“மூணுல எது அங்கிள் நெஜம்?”

மென்றுகொண்டே யோசித்தார்.

“எல்லாந்தான்டா” என்றார்.

அவருக்கு ஞாபகம் நிற்காது. வேலையிலும் அப்படித்தான். எந்த லிஃப்டில் என்ன கோளாறு என்று கேட்டால் போனை எடுத்துப் பார்ப்பார். இசட்டைக் கண்டுபிடித்ததே அதற்காகத்தான். அது அவருடைய ஞாபகம். அவர் உயிர் அந்த இரண்டு எழுத்தில் இருந்தது. அதை நான் கவனித்து வைத்திருந்தேன். அப்போது வேறு எண்ணம் எதுவும் இல்லை.

பிப்ரவரியில் பழைய தகவல்களைப் புதியதற்கு மாற்றும் வேலை தொடங்கியது. வீணா வீடியோ காலில் தன் திரையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“சார், சில பில்டிங் பேருக்கு முன்னாடி டபுள் இசட் வருதே. ஜங்க் டேட்டாவா?”

திரையில் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன்.

“சார், லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன். டைப்பிங் மிஸ்டேக். எடுத்துடுங்க.”

“இவ்ளோ எடத்துலயும் ஒரே மிஸ்டேக்கா சார்?”

“எங்க ஆளுங்க அப்படித்தான்.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மெயிலில் ஒரு வரி ஒப்புதல் கேட்டாள், அனுப்பினேன். சரியாக வேலை செய்கிற பெண். நான் சொல்லாமல் அவளுக்கு எப்படித் தெரியும்.

புதிய சாஃப்ட்வேரில் எழுத்து வரிசை கிடையாது. தவறிப்போன வேலைகள் சிவப்பில் முதலில் வரும். மாதக்கணக்காகத் தூங்கிய லிஃப்டுகள் எல்லாம் எழுந்து தலைமாட்டில் வந்து நின்றன. சோதனை ஓட்டத்திலேயே பார்த்துவிட்டேன். ஓஸ்வால்டின் பெயருக்கு நேராக முதலில் நின்றது ஈஜிபுராக் கட்டடம்.

அந்த லிஃப்ட் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். பிரேக் இல்லாவிட்டால் லிஃப்ட் கீழே விழும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ஆள் நிறைய இருந்தால்தான் கீழே வரும். காலியாக இருந்தால் மறுபக்கம் தொங்குகிற எடை அதை மேலே இழுக்கும். பராமரிக்கிறவர் அதன் கூரைமேல் நின்று வேலை செய்வார். அவருக்கு மேலே கான்கிரீட் தளம்.

மற்ற தூங்குகிற லிஃப்டுகளைப் பற்றிக் கேட்டீர்கள். நான் யோசிக்கவில்லை. விபத்து நடந்த அன்று மதியமே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் வேறு யாரும் ஏறவில்லை.

சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து மாற்றி முடித்தேன். திங்கட்கிழமை ஆபீஸில் கேக் வெட்டுவதாக இருந்தது. நான் குளித்துக் கிளம்பும்போது ஓஸ்வால்ட் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் இடியாப்பமும் பாயாவும். அந்நேரத்துக்கு அவர் ஈஜிபுராவில் இருந்திருக்க வேண்டும்.

“ரெண்டு நாளா ஒழுங்கா துன்னிருக்க மாட்ட. மூஞ்சப் பாரு. ஒக்காரு.”

“உங்களுக்கு வேலை இல்லையா அங்கிள்?”

“ஈஜிபுரா ஒண்ணு செவப்புல வந்துச்சி. மஞ்சுவ போவச் சொல்ட்டேன். சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோடான்னேன். ‘குரு, ஒங்களுக்கு வயசாயிடிச்சி, ஊட்லயே இருங்க’ன்றான். கொழுப்பப் பாரேன்.” சிரித்தார். “நீ சாப்டு.”

மஞ்சுநாத் ஹெப்பகோடியில் தன் வீட்டிலிருந்து பைக்கில் வர வேண்டும். திங்கட்கிழமை காலைப் போக்குவரத்து. நேரம் நிறைய இருந்தது. என் போன் தட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ஏறாதே என்று ஒரு வார்த்தை போதும். அதற்குக் காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஓஸ்வால்ட் எதிரில் உட்கார்ந்திருந்தார். எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். முகவாயில் பாயா வழிந்தது. அல்போன்சாவுக்கும் பாயா பிடிக்கும் என்று ஆரம்பித்தார். அவளுக்குப் பிடிக்காது. அந்த வாய் என் முன்னால் அசைந்துகொண்டிருக்கும்வரை எனக்குப் பேச்சு வரவில்லை. தட்டைக் காலி செய்தேன். அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்துதான் ஆபீஸ் போனேன். கேக் வெட்டி முடிப்பதற்குள் செய்தி வந்தது.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள், மேடம். ஓஸ்வால்ட் அன்று தன் வேலைக்குப் போயிருந்தால் மஞ்சுநாத் உயிரோடு இருப்பான். நான் மஞ்சுநாத்தை ஒன்றும் செய்யவில்லை. அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் உங்களால் கண்டுபிடித்திருக்க முடியாது. ‘அவன் ஆபீஸ்ல ஒக்காந்து வேல பாக்கறவன், இசட்டப் பத்தி அவனுக்கு என்னா தெரியும், பொண்டாட்டிய பறிகொடுத்த புள்ள, அவன விட்ருங்க’ என்று உங்களிடம் அழுதிருக்கிறார் ஓஸ்வால்ட். ‘நான் போயிருக்க வேண்டும், நான்தான் மஞ்சுவைக் கொன்றேன்’ என்று பிணவறை வாசலில் மார்பில் அடித்துக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் செய்ததையே திரும்பச் செய்கிறார். இந்தச் சாவையும் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார். இது அவருடையது இல்லை. என்னுடையது. இசட்டின் அர்த்தம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுக்கச் சொன்னேன். மஞ்சுநாத் போகிறான் என்பதும் தெரியும். தெரிந்தேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. மஞ்சுநாத்தின் மனைவி மமதா இன்னும் ஒரு சொட்டுக்கூட அழவில்லையாம். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் அதைப் பற்றித் தப்பாகப் பேசுகிறார்களாம். இனி ஓஸ்வால்ட் அவள் வீட்டுக்குப் போக ஆரம்பித்துவிடுவார். அதற்கு முன்னால் என்னை ஒருமுறை ஹெப்பகோடிக்கு அழைத்துப் போங்கள். விலங்கு போட்டே அழைத்துப் போங்கள், பரவாயில்லை. அந்தப் பெண்ணுக்கு யாராவது ஆறுதல் சொல்ல வேண்டும், மேடம். இந்த ஊரில் அவள் துக்கம் புரிந்தவன் நான் ஒருவன்தான்.