மாவு அரைக்க ஃபின்லாந்து

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காலை. தாம்பரத்தில் கிளம்பிய மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில், எனக்கு எதிரே வேலைக்குப் போகும் இரண்டு பேர். கண்ணாடி போட்டவர் சாதாரணமாகச் சொன்னார்.

“நேத்து ஃபின்லாந்தைப் போட்டுக்கிட்டுத்தான் மாவு அரைச்சேன்.”

பக்கத்தில் சாப்பாட்டுக் கூடையுடன் இருந்தவர் திரும்பினார். “ஃபின்லாந்தா? என்னக்கா சொல்றீங்க?”

“பையனோட கேசட். அந்தந்த நாட்டு கிராமத்துப் பாட்டை கிடார், டிரம்ஸ் எல்லாம் வச்சு அலறுவாங்க. ஃபோக் மெட்டலாம். தூக்கிக் குப்பையில போடத்தான் போனேன். நடுவுல ஆர்மோனியம் மாதிரி ஒரு அக்கார்டியன் வந்துச்சு பாரு, அப்படியே நின்னுட்டேன்.”

“பாஷை புரியுதா?”

“அவனுக்கே புரியாது. நார்வே கேட்டா, கடலுக்குப் போனவங்க யாருமே திரும்பலைன்னு தோணும். அயர்லாந்துல புல்லாங்குழல் வந்ததும் எல்லாரும் வீட்டுக்கு வந்துடுவாங்க. ஃபின்லாந்து அழும், ஆனா குதிச்சுக்கிட்டே அழும். கிரைண்டர் சத்தத்தையும் மீறிக் கேக்குறது அது ஒண்ணுதான்.”

“பையன் ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னான். ‘சத்தத்தைக் குறைம்மா, நாளைக்குப் பரீட்சை’ன்னான்.”

“குறைச்சீங்களா?”

“குறைச்சா அது ஃபின்லாந்தா? மொட்டை மாடிக்குப் போய்ப் படின்னுட்டேன்.”

பல்லாவரத்தில் கூடைக்காரர் சிரித்துக்கொண்டே இறங்கினார். வண்டி நகர்ந்ததும் ஜன்னலோடு நாலு எட்டு ஓடி வந்தார்.

“அக்கா, நாளைக்கு அந்த அயர்லாந்தைக் கொண்டு வாங்க! ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரர் ஊர்ல இல்ல, சத்தமாப் போடலாம்!”