கீழ விடாம வளத்த புள்ள

கை நிறைய வளையல் போட்டுட்டு வரிசையா உக்காந்திருக்கீங்க... பாக்கவே மனசு நிறைஞ்சு போச்சுங்க. வளைகாப்புச் சாப்பாடு ஆறிப்போறதுக்குள்ள ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன், கேளுங்க.

கோபி பக்கம் ஒரு வீடு. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சு சுகன்யாவுக்கு ஒரு பையன் பொறந்தான். நித்திலன்னு பேரு. வீடே கொண்டாடுச்சு. கொண்டாடாதா பின்ன? சுகன்யாவோட நாத்தனார் பூவாத்தாவும் அந்த வீட்டுலதான் இருந்தாங்க. பையன் எப்பவும் அந்த அத்தை இடுப்புலதான். வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அந்தம்மாவுக்கு ஒரே பெருமை... "எங்க மருமகனைக் கீழ விடாம வளக்கறோமுங்க!"

கீழ விடாம! நாமளும் இப்படித்தான சொல்றோம்?

மொதல் பொறந்தநாள் முடிஞ்சுது. பையன் உக்காருவான். அவ்வளவுதான். தவழல. பக்கத்து வீட்டுப் புள்ள தவழ்ந்து வாசப்படி தாண்டிருச்சுன்னு கொழுக்கட்டை வந்துச்சு. சுகன்யாவால அதை வாயில வைக்க முடியல. "எம் புள்ள கால்ல ஏதோ கோளாறு"ன்னு அழுதுட்டே டாக்டர்கிட்ட ஓடுனா. அவர் காலை மடக்கிப் பாத்தார், நீட்டிப் பாத்தார்... "கால் நல்லா இருக்கும்மா. கீழ விடுங்க"ன்னார்.

விட்டாங்களா? பூவாத்தா விடுவாங்களா! "தரை சில்லுனு கெடக்குது, எறும்பு கடிச்சா என்ன பண்ணுவ? எம் மருமகன் படி தாண்டட்டும், தெருவுக்கே கொழுக்கட்டை போடறேன்!"

அம்மணிகளா, நல்லா யோசிங்க. அந்தப் பையன் படி தாண்டலையா? தாண்டுனானே... காலையில தாண்டுனான், சாயங்காலம் தாண்டுனான்... யார் இடுப்புல? அத்தை இடுப்புல!

சிரிக்கறீங்க. சுகன்யா சிரிக்கல.

ஒருநாள் பூவாத்தா மகளுக்கு அந்த வீட்டுல வளைகாப்பு. எல்லாருக்கும் பட்டுச்சேலை. எல்லார் கையிலயும் சந்தனம். பையனை யார் தூக்கறது? வேற வழியில்லாம ஜமக்காளத்துல உக்கார வெச்சுட்டாங்க. அப்பப் பாத்து, தட்டுல இருந்து ஒரு வளையல் நழுவி... உருண்டு உருண்டு... கொஞ்சம் தள்ளிப் போய்ப் படுத்துக்கிச்சு. பையன் கையை நீட்டுனான். எட்டல. சிணுங்க ஆரம்பிச்சான்.

"அய்யோ, எஞ் சாமி கேக்குது!" பூவாத்தா எடுத்துக் குடுக்க ஓடி வந்தாங்க. சுகன்யா குறுக்க நின்னா. அதுவரைக்கும் நாத்தனார் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவ.

"தொடாதீங்க அண்ணி."

"புள்ள அழுகறான்டி!"

"எனக்கும் ஓடிப்போய்த் தூக்கத்தான் தோணுது அண்ணி... தொடாதீங்க."

பையன் முன்னால சாஞ்சான்... தொப்புனு குப்புற விழுந்தான். கையை ஊனுனான்... முழங்காலை இழுத்தான்... நகந்தான்! இன்னும் கொஞ்சம் நகந்தான்! வளையலை உள்ளங்கையால அமுக்குனான், வழுக்கிட்டுப் போச்சு. மறுபடி அமுக்குனான், மறுபடி வழுக்குச்சு. அப்புறம் கட்டை விரலையும் பக்கத்து விரலையும் சேத்து... கிள்ளி எடுத்தான்! எடுத்து அத்தைகிட்ட ஆட்டிக் காமிச்சான்.

பூவாத்தா கண்ணைத் துடைச்சாங்க. மொகமெல்லாம் சந்தனம். "அப்ப நாந்தான் இவனைப் புடிச்சு வெச்சிருந்தேனா?"ன்னு கேட்டாங்க.

கொஞ்ச நாள்ல பையன் படி தாண்டுனான். தன் முழங்கால்லயே தாண்டுனான். தெரு பூரா கொழுக்கட்டை போச்சு.

தங்கச்சிங்களா... பூவாத்தா வெச்சது பாசமில்லையா? பாசந்தான்! ஆனா தலை நிக்கறது, குப்புற விழறது, தவழறது, எந்திரிச்சு நிக்கறது... இதெல்லாம் நாம எடுத்துக் குடுக்கற சாமான் இல்லீங்க. புள்ள தானா விழுந்து, தானா எட்டி, எடுத்துக்கறது. ஒரு புள்ள முன்ன செய்யும், ஒரு புள்ள பின்ன செய்யும். மனசுல சந்தேகம்னா கூச்சப்படாம டாக்டர்கிட்டக் காட்டுங்க. காட்டுனா மட்டும் போதுமா? அவர் சொல்றதையும் கேளுங்க!

உங்க புள்ளையைத் தூக்குங்க, கொஞ்சுங்க, இடுப்புல வெச்சு ஊரைச் சுத்துங்க. ஆனா தரையைக் கூட்டித் துடைச்சு, கீழயும் விடுங்க. விட்டுட்டுப் போயிடாதீங்க... பக்கத்துல உக்காருங்க. அது கையை நீட்டி அழும். உங்க கை தானா முன்னால போகும். போகட்டும்... போன கையில இருந்து உடையாத வளையலா ஒண்ணைக் கழட்டுங்க. கழட்டி... கொஞ்சம் தள்ளி உருட்டி விடுங்க.