வாக்குத்தத்தம் மாறிப்போச்சி

தியாகதுருகத்தில் பஸ் ஏறியதும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கள்ளக்குறிச்சி நெருங்கும்போது பின் சீட்டில் ஒரு பெண்ணின் குரல்: “ஏங்க, உங்க வாக்குத்தத்தம் எங்கிட்ட இருக்குதுங்க.”

நான் திரும்பவில்லை, காதை மட்டும் அங்கே வைத்தேன். சர்ச்சில் புத்தாண்டு ஆராதனையன்று ஆளுக்கொரு பைபிள் வசன அட்டை எடுப்பார்கள்; அது அந்த வருஷத்துக்குக் கடவுள் அவரவருக்கு அனுப்பிய வாக்கு. வருஷம் முழுக்க அதைச் சொல்லித்தான் ஜெபம். அந்த அட்டையைத்தான் சொல்கிறாள்.

“இன்னா சொல்ற?” என்றார் கணவர்.

“இப்பதான் திருப்பிப் பாத்தேன். பின்னாடி உங்க பேரு எழுதியிருக்குது.”

“அட, நாந்தான் பைபிள்ல மாத்தி வெச்சிட்டேன் போல.”

“கட்டிய எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிச்சதுலேர்ந்து தெனமும் இதத்தான் படிச்சிக்கினு இருந்தேன். ரிசல்ட்டு வாங்கப் போற அன்னிக்கிப் பாத்தா, இது எனக்கு வந்ததே இல்ல!” அவள் குரல் உடைந்தது.

“அனுப்புனவருக்கு நம்ம அட்ரஸ் தெரியாதா? ரெண்டும் ஒரே வூட்டுக்குத்தான வந்துது. உன்னுத வெச்சிக்கினு நானும் உனக்காகத்தான் கேட்டுக்கினு இருந்தேன்.”

“நான் உங்களுத வெச்சிக்கினு எனக்காகத்தான கேட்டேன்!”

“கேட்டா இன்னா? கம்மியாயிடுமா?”

அவள் சிரித்துவிட்டாள். பஸ் ஸ்டாண்ட் வந்து எல்லோரும் எழுந்தோம்.

“வூட்டுக்குப் போயி மாத்திக்கலாம்” என்றார்.

“வேணாங்க, எங்கிட்டயே இருக்கட்டும். இனிமே அத வெச்சி உங்களுக்காகக் கேக்கறேன். மொதல்ல ஒரு டீ வாங்கிக் குடுங்க, ரிசல்ட்டு எங்கயும் ஓடிப்போவாது.”